‘விரல்’ கைமாறிய கதை

1. கரியாஹாட்டில் தரை சாய்ந்தது

கல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பில் தரை சாய்ந்தபோது என் கையில் போன் இருந்தது. நைட்டியும் தலையணை உறையும் விற்கிற நடைபாதைக் கடைகளுக்கு நடுவே நின்று, ‘விரல்’ மென்பொருளைப் பற்றி யாரோ அனுப்பியிருந்த பிழைப் புகாரை மேலே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் ஓடின. நான் தள்ளுவதை நிறுத்திய பிறகும் ஓடின. அப்புறம் எதிரே இருந்த டிராம் தடம், மஞ்சள் டாக்ஸி, தலையணை உறைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக ஓட ஆரம்பித்தன.

நான் கீழே விழவில்லை. கடைக்காரர் என் தோளைப் பிடித்து, தன் துணி மூட்டையின் மேலேயே உட்கார வைத்துவிட்டார்.

“தீதி, கண்ணைத் திறக்காதீங்க. வீட்டு நம்பரை மட்டும் சொல்லுங்க” என்றார் வங்காளத்தில். தீதி என்றால் அக்கா.

கண்ணை மூடிக்கொண்டே கணவரின் நம்பரைச் சொன்னேன். அவர் டாக்குரியாவிலிருந்து ஆட்டோ பிடித்து வருவதற்குள் அந்தக் கடைக்காரர் என்னைச் சுற்றி நான்கு வியாபாரம் முடித்துவிட்டார். ஓர் அம்மாள் என்னைக் கடைக்காரர் வீட்டுப் பெண் என்று நினைத்து, “சாயம் போகுமா?” என்று கேட்டாள். “போகாது” என்றேன். வேறென்ன சொல்வது? அவருடைய மூட்டையின் மேலல்லவா உட்கார்ந்திருந்தேன்!

என் பெயர் கோமதி. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆனால் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாதான் ஊர். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது சம்பளமில்லாமல் பதினோரு வருடம் பார்த்த வேலையைப் பற்றி. அதை எப்படிப் பிடித்தேன் என்பதைவிட எப்படி விட்டேன் என்பது, இப்போது அதே மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

2. பூனைப் படம் வந்த விதம்

தெற்குக் கல்கத்தாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம் இரண்டு அறையில் ஒரு பிரெயில் அச்சகம். கம்ப்யூட்டரில் அடித்த பாடத்தைப் புள்ளி எழுத்தாக மாற்றி, பிரெயில் பிரிண்டருக்கு அனுப்பினால் அது கட்டித் தாளில் புள்ளி குத்தித் தள்ளும். அப்போது அவர்களிடம் இருந்த மென்பொருள் வங்காளக் கூட்டெழுத்துகளைக் கண்டால் தடுமாறியது. அலுவலகத் தோழி ஒருத்தி, “நீ போய்ப் பாரேன், உனக்கு ரெண்டு நாள் வேலை” என்று அனுப்பி வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை போனேன். ஜன்னலோரம் ஒருவர் மடியில் தாளை வைத்துக்கொண்டு தெருப்பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கை மட்டும் தாளின் மேல் போய்க்கொண்டிருந்தது. நான் வணக்கம் சொல்ல வாயெடுத்தபோது, “மூணாவது வரி, கடைசி வார்த்தை தப்பு” என்றார். அவர்தான் பிரபீர்தா; ‘தா’ என்றால் அண்ணன். அச்சகத்தின் பிழை திருத்துநர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நான் கண்ணால் ஒரு பக்கம் படிப்பதற்குள் அவர் விரலால் இரண்டு பக்கம் முடித்துவிடுவார். அவர் பேசியதெல்லாம் வங்காளம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பழைய மென்பொருளை ஒட்டுப்போட முடியாது என்று இரண்டே நாளில் தெரிந்தது. புதிதாக ஒன்று எழுதினேன். தினமும் காலை ஐந்திலிருந்து ஏழு வரை, ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால். ‘விரல்’ என்று பெயர் வைத்துப் பெருமையாக அச்சகத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“பூனையா? ஏன் பூனை?” என்றார் பிரபீர்தா.

வங்காளிகளுக்கு ‘வ’ வராது, ‘ப’தான். ‘பிரால்’ என்றால் அவர்களுக்குப் பூனை. விரல் என்று நான் எத்தனை விளக்கியும் அவர்கள் காதில் பூனையாகவே விழுந்தது. கடைசியில் நானே தோற்று, மென்பொருளுக்கு ஒரு பூனைப் படத்தை அடையாளமாகப் போட்டேன். அதைப் பார்த்து, “ஏன் மேடம் பூனை?” என்று தமிழ்நாட்டிலிருந்து இன்றைக்கும் கேட்கிறார்கள்.

முதலில் வங்காளம், பிறகு தமிழ். அதற்கப்புறம் அசாமியா, ஒடியா. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று சொல்லும் அட்டவணையை நாங்கள் ‘டேபிள்’ என்போம். மொழிக்கு ஒரு டேபிள். அகர்தலாவிலிருந்து மதுரை வரை பல அச்சகங்களில் விரல் ஓடியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று போட்டிருந்தேன். ஆனால் திருத்தியது நான் ஒருத்திதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. கணக்குப் புத்தகம் கவிதையானது

பாலிகஞ்சில் காது மூக்கு தொண்டை டாக்டர் என்னை நாற்காலியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்காதில் நீரின் அழுத்தம் கூடுகிறது, அதனால்தான் தலைச்சுற்றலும் இடது காதில் ரீங்காரமும் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உப்பு குறைக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், கவலையை விட வேண்டும்.

“கம்ப்யூட்டர்ல என்ன பண்றீங்க?”

சொன்னேன்.

“ஓடுற எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்கு அட்டாக் வரும். நிறுத்திடுங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“நான் நாள் கணக்கு சொல்லலையே” என்றார்.

நான் நிறுத்தவில்லை. பாதி நிறுத்தினேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு. திரையை நான் பார்க்காமல் என் கணவரைப் பார்க்க வைத்தேன். அவர் பெயர் ஆறுமுகம்; வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. நான் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். அவர் வாசிப்பார்.

“இஃப்... பிராக்கெட் திறக்கு... ஒரு கோடு... அதுக்கடுத்து ரெண்டு கோடு.”

“அது ரெண்டு கோடு இல்ல, சமக்குறி.”

“சரி, சமக்குறி. அடுத்ததும் சமக்குறி. ஏ கோமதி, ரெண்டு தடவ அடிச்சிருக்கியே, தப்புல்லா?”

“தப்பில்ல. அப்படித்தான் எழுதணும்.”

“ஒரு தடவ சொன்னா கம்ப்யூட்டருக்குக் கேக்காதா?”

சிரித்தால் எனக்குத் தலை சுற்றும். அதனால் அவர் வாசிக்கும்போது தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். இரண்டு மாதம் இப்படி ஓட்டினோம். உண்மையைச் சொன்னால், கல்யாணமாகி முப்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை.

ஜூலையில் ஒரு நாள், அடைப்புக்குறிக்குள் எண்கள் வந்தால் வரி உடைகிறது என்று அகர்தலாவிலிருந்து ஒரு புகார். சின்ன விஷயம். கணவர் பக்கத்தில் இல்லை. நானே ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் திருத்தி, டெஸ்ட் ஓட்டாமல், புதுப் பதிப்பாக ரிலீஸ் போட்டுவிட்டேன். பிரபீர்தாவுக்குப் போன் செய்து, “சின்னத் திருத்தம்தான். தைரியமா ஏத்திடுங்க” என்றும் சொன்னேன்.

பிரெயிலில் எண்களுக்குத் தனி வடிவம் கிடையாது. எழுத்துக்கு முன்னால் ஓர் எண் குறி போட்டால் அது எண். குறி விட்டுப்போனால் ‘ஒன்று’ என்பது ‘அ’ ஆகிவிடும். என் திருத்தம், அடைப்புக்குறிக்கு அப்புறம் வந்த எண் குறிகளையெல்லாம் தின்றுவிட்டது. அந்த வாரம் அச்சகத்தில் ஓடியது எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். மூலப் படியை ஏற்கெனவே ஒரு தடவை திருத்தியாயிற்று, தீதி வேறு தைரியமாகப் போடச் சொல்லிவிட்டாள் என்று நாற்பது பிரதியையும் நேராக அச்சுக்கு விட்டுவிட்டார்கள்.

பிரபீர்தா போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

“தீதி, கணக்குப் புத்தகத்தைக் கவிதையா மாத்திட்டீங்க. அ கூட்டல் அ. வாசிக்க நல்லாத்தான் இருக்கு.”

“எத்தனை?”

“நாற்பதும். மறுபடி அடிக்க ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு கிடையாது. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “தீதி, உங்க தலை சுத்துது, பரவாயில்ல. இப்ப புத்தகத்துக்கும் சுத்துது” என்றார்.

அழுதேன். அந்தக் கட்டித் தாளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது வீணாவது என்றால் என்னவென்று. டாக்டர் சொன்னபோது எனக்கு உறைக்காதது அன்றைக்கு உறைத்தது. நான் விலகாவிட்டால் கெடப்போவது என் காது மட்டும் இல்லை.

4. ஆறு வரிக் கடிதம்

விரலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு மெயிலிங் லிஸ்ட் உண்டு. அதில் போட ஒரு கடிதம் தயார் செய்தேன். நான் சொல்லச் சொல்லக் கணவர் அடித்தார். நான்கு பக்கம் வந்தது. விரலின் வரலாறு, என் காதின் வரலாறு, பூனை, மன்னிப்பு எல்லாம் இருந்தன. அடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்:

“உயில் மாதிரியில்லா இருக்கு! யாருக்கு எந்த நெலம்னுதான் எழுதல.”

“அப்ப என்ன எழுதச் சொல்லுதிய?”

“ஒடம்புக்கு முடியல, விடுதேன்னு எழுது. லீவு லெட்டர்ல வேற என்னத்த எழுதுவோம்?”

அவர் சொன்னபடியே ஆறு வரியாக்கினோம். உடல்நிலை காரணமாக விரலின் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். துர்கா பூஜை வரை, ஏற்றுக்கொள்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லித் தருகிறேன். அதற்குப் பிறகு என்னைக் கேட்காதீர்கள். யாரும் முன்வராவிட்டால் இப்போது இருக்கிற நிலையிலேயே விரல் நிற்கும். இத்தனை வருடம் பிழைகளைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. கோமதி.

‘அனுப்பு’ என்பதை நான்தான் அழுத்தினேன், கண்ணை மூடிக்கொண்டு.

ஒரு நாள் முழுக்க ஒரு பதிலும் இல்லை. பதினோரு வருடம் உழைத்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லையே என்று மனசு சோர்ந்துபோயிற்று. மறுநாள் காலை முதல் பதில் குவாஹாத்தியிலிருந்து வந்தது. கணவர் வாசித்தார்: “உங்கள் உடல்நிலை அறிந்து வருந்துகிறேன். விரைவில் குணமடையுங்கள். பின்குறிப்பு: பக்க எண் சில இடங்களில் வலது ஓரத்துக்கு வரவில்லை. ஃபைல் இணைத்துள்ளேன்.”

அவ்வளவு நேரமும் துக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிரித்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இரண்டாவது பதில் மதுரையிலிருந்து. அமுதா ஒரு கல்லூரி நூலகர். அங்கே பார்வையற்ற மாணவர்களுக்காகத் தமிழ்ப் புத்தகங்களை அச்சிடுகிறவர். அவ்வப்போது புகார் அனுப்புவார். ஒவ்வொரு புகாரோடும் காரணத்தையும் சரியாகச் சொல்லியிருப்பார். அன்றைக்குப் போனே செய்துவிட்டார்.

“அக்கா, என்னக்கா பொசுக்குன்னு இப்படி எழுதிட்டீங்க? தமிழ் டேபிளை நான் பாக்குறேன். மெயின் புரோகிராமும் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சிருக்கேன். ஆனா தனியாப் பண்ண பயமா இருக்குக்கா. கூட ஒருத்தர் இருந்தா இறங்கிருவேன்.”

கூட ஒருத்தர் யார் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. பிரபீர்தா பேசினார்.

“தீதி, கோபப்படக் கூடாது.”

“சொல்லுங்க.”

“நீங்க அனுப்புற வங்காள டேபிளை நாலு வருஷமா நான் அப்படியே போடுறதில்ல. என்கிட்ட ஒரு ஃபைல் இருக்கு. நீங்க புதுசா அனுப்பினதும் என் திருத்தத்தை அது மேல ஏத்திடுவேன்.”

“எத்தனை திருத்தம்?”

“முந்நூறுக்கு மேல இருக்கும்.”

கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் அவரிடம் உண்டு என்று தெரியும். அதை வைத்துப் பாட்டுக் கேட்கிறார், மெயில் படிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“ஆரம்பத்துல நாலஞ்சு சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் நீங்க ரெண்டு நாள் எடுத்துக்கிட்டு, சரி பண்ணி, அவ்வளவு சந்தோஷமாப் போன் பண்ணுவீங்க. இந்தம்மாவை எதுக்குத் தொந்தரவு பண்ணணும், சந்தோஷமா இருக்கட்டும்னு மிச்சத்தை நானே பாத்துக்கிட்டேன்.”

நான் அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டிருந்த நான்கு வருடமும் அவர் என் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவமானமாக இருக்க வேண்டும், இல்லையா? எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. “அந்த ஃபைலை அமுதாவுக்கு அனுப்புங்க” என்று மட்டும் சொன்னேன்.

5. திரையை அணைத்துவிட்டு

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒப்படைப்பு. டாக்குரியாவில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்குப் பிரபீர்தா தன் லேப்டாப்போடு வந்தார். கதவைத் திறந்ததும், “உங்க மாடியில பதினேழாவது படி உடைஞ்சிருக்கு, தெரியுமா?” என்றார். இருபது வருடமாக இருக்கிறோம், தெரியாது. அமுதா மதுரையிலிருந்து போனில். ஸ்பீக்கரைப் போட்டு மேஜையின் நடுவில் வைத்தோம். அவரும் பிரபீர்தாவும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு வங்காளம், தமிழ் இரண்டும்.

என் கம்ப்யூட்டரைப் போட்டதும் நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிரபீர்தா கேட்டார்: “ஸ்கிரீன் போட்டிருக்கா? அணைச்சிடலாமே. இங்க யாருக்கு அது வேணும்?”

உண்மைதான். ஒருவருக்குப் பார்வை இல்லை, ஒருத்தி பார்க்கக் கூடாது, ஒருத்தி மதுரையில் இருக்கிறாள். அந்த அறையில் திரையைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் என் கணவர். அவருக்கோ அதில் இருப்பது ஒன்றும் விளங்காது. அணைத்துவிட்டோம்.

அப்புறம்தான் என் லட்சணம் வெளியே வந்தது. எழுதிய புரோகிராமை எல்லோருக்கும் அனுப்பக்கூடிய வடிவமாகக் கட்டுவதை ‘பில்ட்’ என்போம். அதற்குப் பத்தொன்பது படி. ஒன்றைக்கூட நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நான் நினைவிலிருந்து சொல்ல, அமுதா அடித்துக்கொண்டே வந்தார்.

“ஏழாவது என்னக்கா?”

“ஏழாவது, கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்.”

“எவ்வளவு நேரம்க்கா?”

“கம்ப்யூட்டருக்குள்ள ஃபேன் சத்தம் கொறையிற வரைக்கும்.”

“இதை டாக்குமென்ட்ல எப்படிக்கா எழுத?” என்றார்.

பிரபீர்தாவுக்கு நான் வங்காளத்தில் சொல்லிப் புரியவைத்ததும் மேஜையில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “தீதி, இது ஒண்ணுதான் நீங்க எங்க ஆளுங்களுக்காகவே எழுதினது. காதால பண்ணுற பில்ட்!”

பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கணவரை வாசிக்கச் சொன்னோம். இந்த ஒரு வேலைக்குத்தான் அவருடைய கண் தேவைப்பட்டது. அதிலும் என் கையெழுத்து அவருக்குப் புரியவில்லை. “இது அஞ்சா, எஸ்ஸா? முப்பது வருசமா மளிகை லிஸ்ட்டையே நான் குத்துமதிப்பாத்தான் வாங்கிட்டு வாரேன்” என்றார். மூன்று தடவை தப்பாகி, நான்காவது தடவை உள்ளே போனோம்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பிரபீர்தா தன் லேப்டாப்பில் முதல் தடவையாகத் தனியாக பில்ட் ஓட்டினார். ஸ்கிரீன் ரீடர் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சோளம் பொரிகிற மாதிரி இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, “இங்க ஒரே வேலையை ரெண்டு தடவை பண்றீங்களே?” என்றார். ஆமாம், பண்ணியிருந்தேன், பதினோரு வருடமாக. கடைசியில் குரல் ஒரு தடவை தெளிவாகச் சொன்னது: பிழை எதுவும் இல்லை.

நாங்கள் கைதட்டினோம். மதுரையிலும் கைதட்டல் கேட்டது.

அப்போது பிரபீர்தா ஒன்று சொன்னார்.

“தீதி, நீங்க எதுக்குப் போகணும்? ஸ்கிரீன்தானே ஆகாது? நான் ஒரு நாளும் ஸ்கிரீனைப் பார்த்ததில்ல. ரெண்டு மாசத்துல உங்களுக்கு இந்த ரீடரைப் பழக்கிடுறேன். காலையில ஒரு மணி நேரம் போதும். நீங்களே பார்க்கலாம்.”

இதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடினாற்போல இருந்தது. விட வேண்டியதே இல்லையா? அமுதாவுக்குத் தமிழில் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்படியாக்கா? நல்லதுக்கா. அப்ப நீங்களே பாத்துக்குவீங்க” என்றார் அமுதா. சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் காலையிலிருந்து கலகலவென்று இருந்த குரல் சட்டென்று அடங்கிப்போயிற்று. ஏதோ காகிதத்தை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது. செய்ய வேண்டியவை என்று அவர் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். காலையில் அதிலிருந்து இரண்டு மூன்றை ஆசையாகப் படித்துக் காட்டியிருந்தார்.

பால்கனிக்குப் போய் நின்றேன். லோக்கல் ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது. வலது காதில்தான்; இடதில் எப்போதும் உள்ள ரீங்காரம். கணவர் வந்து பக்கத்தில் நின்றார்.

“என்ன யோசிக்க?”

“படிச்சா என்னால முடியும்லா?”

“முடியும். ஒன்னால முடியாதுன்னு யாரு சொன்னா?” என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் பிடிவாதமாகச் சரி என்று போயிருப்பேன்.

நானே யோசித்தேன். டாக்டர் திரையை மட்டுமா விடச் சொன்னார்? தூக்கத்தைச் சொன்னார், கவலையைச் சொன்னார். புகார் வந்த காலையில் கண்ணால் படித்தால் என்ன, காதால் கேட்டால் என்ன, என் நெஞ்சு அடித்துக்கொள்வது ஒன்றுதான். அதோடு இன்னொன்றும் தோன்றியது. நான் இருந்தால் பிரபீர்தா மறுபடியும் தன் திருத்தங்களை ஒளித்து வைப்பார். அமுதா தன் பட்டியலை மடித்து வைப்பார். இரண்டு பேரும் அன்பினால்தான் செய்வார்கள்.

உள்ளே போய், “வேண்டாம். ரீடரைப் பழகிக்கிறேன், நாவல் கேக்கிறதுக்கு. விரலை நீங்க பாத்துக்கோங்க” என்று வங்காளத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னேன்.

பிரபீர்தா “அப்படின்னா அந்த ஃபேன் படியை முதல்ல எடுக்கிறோம்” என்றார்.

6. வாயை மூடிக்கொண்டு ஒரு சுற்று

டிசம்பரில் அவர்களுடைய முதல் ரிலீஸ் வந்தது. ஜனவரியில் புது வகுப்பு தொடங்கும். எல்லா அச்சகமும் மும்முரமாக ஓடுகிற சமயம். அன்றைக்குக் காலையில் நானும் கணவரும் டாக்குரியா ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். போன் அடித்தது. அகர்தலா அச்சகம்.

“தீதி, புதுசு போட்டதும் பக்க எண் ரெண்டு தடவை வருது. அவசரம், பாடப் புத்தகம் நிக்குது.”

எனக்குத் தெரியும். எந்த இடத்தில், எந்த வரியில், ஏன் என்று எல்லாம் தெரியும். ஒரு பழைய வகை பிரிண்டருக்காக நான் போட்டு வைத்திருந்த ஒட்டு அது. சொல்ல அரை நிமிடம் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“பிரபீர்தா நம்பர் தரேன், எழுதிக்கோங்க” என்றேன்.

போனை வைத்ததும் கணவர் கேட்டார்: “ஒனக்குத் தெரியும்லா? சொல்லிருக்கலாம்லா?”

“இன்னைக்குச் சொன்னா நாளைக்கும் எனக்குத்தான் போன் பண்ணுவாங்க.”

வாயை மூடிக்கொண்டு ஏரியை இன்னொரு சுற்று நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நடை வேறு இல்லை. பெஞ்சில் யாரோ உரித்துப் போட்டிருந்த ஆரஞ்சுத் தோல்களைக்கூட எண்ணிக்கொண்டு போனேன்.

மறுநாள் புதுத் திருத்தம் வந்தது. நான் சொல்லியிருந்தால் அந்த ஒட்டின் மேல் இன்னோர் ஒட்டைப் போடச் சொல்லியிருப்பேன். அமுதா அந்த ஒட்டையே பிடுங்கி எறிந்திருந்தார். அந்தப் பழைய பிரிண்டர் இப்போது யாரிடமும் இல்லை என்று ஒவ்வோர் அச்சகத்துக்கும் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அதை எடுக்கலாமா என்று என்னிடம் முன்பு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மூன்று பேரிடமும் வேண்டாம் என்றவள் நான். இப்போது விரல் முன்னைவிடச் சீக்கிரம் திறக்கிறதாம். புத்தகங்களும் சரியான நாளில் போய்ச் சேர்ந்தன.

7. சரஸ்வதி பூஜை

வங்காளத்தில் சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமியன்று; பிப்ரவரியில் அதற்கு அச்சகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். கல்கத்தாவில் அன்றைக்கு எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் தொடாது. எல்லாம் தேவியின் காலடியில் இருக்கும். இங்கே பிரெயில் புத்தகங்கள் ஒவ்வொன்றும் தலையணைத் தடிமன். அடுக்கி வைத்ததில் சிலையின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த ஊர் வழக்கப்படி மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனேன். தலைச்சுற்றல் முன்பு வாரத்துக்கு ஒன்று என்றால், இப்போது எப்போதாவது ஒன்று. இடது காது கொஞ்சம் மந்தம்தான். அது போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னைப் போல வேலையை விட வேண்டியிருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்முறையை எழுதி வையுங்கள். ஃபேன் சத்தத்தை நம்பாதீர்கள். இரண்டாவது, உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் உங்களுக்குத் தெரியாமல் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். நான் விலகினதால்தான் அதைத் தெரிந்துகொண்டேன். இருக்கும்போதே கேட்டிருந்தால் இன்னும் நான்கு வருடம் முன்னால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பூஜை முடிந்து, வாழையிலையில் அரிசியும் பருப்பும் குழைந்த கிச்சுடியும் பொரித்த கத்தரிக்காயும் பரிமாறினார்கள். என் பக்கத்தில் புருலியாவிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் உட்கார்ந்தார். அங்கே ஒரு பள்ளியில் சந்தாலி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

“இந்த பிரால் மென்பொருள்ல சந்தாலி வருமா?” என்று என்னிடம் கேட்டார்.

பதினோரு வருடத்தில் விரலைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் நான் பதில் தேடியதில்லை. வரும், வராது, எப்போது வரும் என்று உடனே சொல்வேன். அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாது. அவரைக் கேளுங்க” என்று பிரபீர்தாவைக் காட்டினேன்.

பிரபீர்தா இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்துவிட்டது. “சந்தாலியா? பாதி டேபிள் முடிஞ்சாச்சு. ஜார்கிராமிலிருந்து ஒருத்தர் பண்றார். அமுதா சரிபார்க்கிறாங்க. கோடைக்குள்ள வந்துடும்” என்றார்.

எனக்குத் தெரியாமலே விரல் ஒரு புது மொழியைக் கற்றுக்கொண்டிருந்தது.

ஆசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிரபீர்தாவிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க இங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

“நானா? கிச்சுடி சாப்பிட வந்தேன்” என்று சொல்லி, இலையை இன்னொரு கரண்டிக்கு நீட்டினேன்.